சைட் திறக்கவில்லை என்றால், நின்றுபோனது எது?

2025 அக்டோபர் 20, தீபாவளி நாள். இந்திய நேரப்படி பகல் 12.18 மணிக்கு, அமெரிக்காவின் வடக்கு வர்ஜீனியாவில் இருக்கும் அமேசான் கிளவுட் சேவையில் (மற்ற நிறுவனங்களுக்குக் கணினிகளை வாடகைக்கு விடும் சேவை) ஒரு கோளாறு தொடங்கியது. ஸ்னாப்சாட், ரெடிட், சிக்னல் என ஒன்றுக்கொன்று சம்பந்தமே இல்லாத சேவைகள் சேர்ந்தாற்போல் தடுமாறின. ஒரு மாதம் கூட ஆகவில்லை, நவம்பர் 18 மாலை 4.50 மணிக்குக் கிளவுட்ஃபிளேர் என்ற இணையச் சேவை நிறுவனம் படுத்தது. எக்ஸ் தளம், சாட்ஜிபிடி எல்லாம் அதோடு படுத்தன. எந்தத் தளம் முடங்கியிருக்கிறது என்று பார்க்க எல்லோரும் ஓடும் டவுன்டிடெக்டருக்கும் அன்று அதே கதிதான்.

இரண்டு முறையும் பலருக்கு வந்த சந்தேகம் ஒன்றுதான். நான் போனது ஒரு கம்பெனியின் சைட்டுக்கு. கோளாறு என்று செய்தியில் வருவது வேறொரு கம்பெனியில். நடுவில் இவர் எங்கே வந்தார்?

ஒரு இணையதளத்தை ஒரே பொருளாக நினைப்பதால் வரும் குழப்பம் இது. உண்மையில் அது பல கைகளில் இருக்கும் பாகங்களின் கூட்டு. பெயர் ஒருவரிடம், இடம் இன்னொருவரிடம், சான்றிதழ் மூன்றாமவரிடம். சொந்தக்காரர் கையில் சொந்தமாக இருப்பது, பெரும்பாலும், எழுதிய எழுத்தும் எடுத்த படங்களும் மட்டுமே. மீதி எல்லாமே வாடகை.

முதலில் பட்டியல்

ஊரில் ஒரு புடவைக் கடைக்கு சைட் போடுகிறார்கள் என்று வைத்துக்கொள்வோம். அதற்கு வேண்டியவை:

1. டொமைன், அதாவது பெயர்.
2. டிஎன்எஸ். அந்தப் பெயருக்கு எந்தக் கணினி என்று சொல்லும் ஏற்பாடு.
3. சர்வர். இரவு பகலாக அணையாமல் ஓடும் கணினி. இதை வாடகைக்கு விடுவதுதான் ஹோஸ்டிங்.
4. அந்தக் கணினியில் ஓடும் மென்பொருள்கள்.
5. எஸ்எஸ்எல் சான்றிதழ். சைட்டின் பெயரை உறுதிசெய்து, தகவலைப் பூட்டுவதற்கு.
6. பேக்கப்.

ஆறாவது இல்லாமலும் சைட் ஓடும். அதனால்தான் அதைப் பட்டியலில் சேர்க்க வேண்டியிருக்கிறது.

1. பெயர்: வாங்குவதில்லை, குத்தகைக்கு எடுப்பது

"டொமைன் வாங்கிட்டேன்" என்று சொல்வது பேச்சு வழக்கு. யாரும் வாங்குவதில்லை. ஒரு வருடத்துக்கோ சில வருடங்களுக்கோ பெயரைப் பதிவு செய்துகொள்கிறோம், அவ்வளவுதான். டாட் காம் பெயர்களின் மூலப் பதிவேடு வெரிசைன் நிறுவனத்திடம் இருக்கிறது. டாட் இன் பெயர்களை நிக்ஸி என்ற இந்திய அமைப்பும், டாட் எல்கே பெயர்களை எல்கே டொமைன் ரிஜிஸ்ட்ரியும் பார்த்துக்கொள்கின்றன. நமக்கும் அவர்களுக்கும் நடுவில் நின்று பணம் வாங்கிப் பதிந்து தருபவர்தான் ரிஜிஸ்ட்ரார். தமிழ் எழுத்திலேயே முடியும் பெயர்களும் கிடைக்கின்றன: .இந்தியா, .இலங்கை, .சிங்கப்பூர். திரைக்குப் பின்னால் இவை ரோமன் எழுத்துச் சரமாக மாற்றப்பட்டுத்தான் பயணிக்கின்றன என்பது வேறு விஷயம்.

குத்தகைத் தேதி முடிந்தால் என்ன ஆகும்? டாட் காம் பெயர் உடனே பறிபோய்விடாது. ரிஜிஸ்ட்ராரைப் பொறுத்துச் சில நாள் அவகாசம் உண்டு. பிறகு 30 நாள் மீட்புக் காலம், அதில் கட்டணம் பல மடங்கு. கடைசியாக 5 நாள் கழித்துப் பெயர் பொதுச் சந்தைக்கு வந்துவிடும். பெரிய நிறுவனங்களும் இதில் வழுக்கி விழுந்திருக்கின்றன. 1999 கிறிஸ்துமஸ் சமயத்தில் மைக்ரோசாஃப்ட் தன் பாஸ்போர்ட் டாட் காம் பெயருக்குப் பணம் கட்ட மறந்தது; ஹாட்மெயிலுக்குள் நுழைய முடியாமல் பலர் தவித்தார்கள். கடைசியில் வெளியாள் ஒருவர், லினக்ஸ் நிரலாளர், தன் கார்டிலிருந்து 35 டாலர் கட்டி அதை மீட்டுக் கொடுத்தார்.

நம் பக்கம் அடிக்கடி நடக்கும் சிக்கல் வேறு மாதிரி. சைட் செய்து கொடுத்தவரே தன் இமெயிலில், தன் பெயரில் டொமைனைப் பதிந்திருப்பார். மோசடி எண்ணம் எதுவும் இருக்காது, அவருக்கு அது சுலபம், அவ்வளவுதான். மூன்று வருடம் கழித்து அவர் வேறு வேலைக்குப் போய்விடுவார். ரெனியூவல் நினைவூட்டல்கள் யாரும் திறக்காத ஒரு இன்பாக்ஸில் வந்து விழும். கடையின் போர்டு, பில், விசிட்டிங் கார்டு எல்லாவற்றிலும் அச்சாகியிருக்கும் அந்தப் பெயர், பதிவேட்டின்படி கடைக்காரருடையது கிடையாது. ஆறு பாகங்களில் இதைத்தான் நான் முதலில் பார்க்கச் சொல்வேன். சர்வர் எரிந்தால் வேறு சர்வர் கிடைக்கும். பெயர் இன்னொருவர் கைக்குப் போய்விட்டால் அதே பெயர் திரும்பக் கிடைக்கும் என்பதற்கு உத்தரவாதம் கிடையாது.

2. டிஎன்எஸ்: விலாசம் சொல்லும் இடம்

கணினிகளுக்குப் பெயர் தெரியாது, எண்தான் தெரியும். அந்த எண்தான் ஐபி முகவரி. நான்கு பகுதிகளாக எழுதும் பழைய ஐபி முகவரிகள் மொத்தமே சுமார் 430 கோடிதான். பற்றாக்குறை வந்ததால்தான் ஐபிவி6 என்ற நீளமான எண்கள் வந்தன. பெயரைக் கொடுத்தால் எண்ணைத் தரும் ஏற்பாட்டை 1983-ல் பால் மொக்கபெட்ரிஸ் வடிவமைத்தார். இன்றும் அடிப்படை அதேதான்.

கடையின் பெயரை ஒருவர் ஃபோனில் தட்டியதும் கேள்வி இப்படிப் போகிறது:

1. ஃபோன், தன் இணையச் சேவை நிறுவனத்தின் டிஎன்எஸ் சர்வரிடம் கேட்கும். இதற்கு ரிசால்வர் என்று பெயர். ஏற்கெனவே விடை தெரிந்திருந்தால் கதை இங்கேயே முடிந்தது.
2. தெரியாவிட்டால் ரிசால்வர் மூல சர்வர்களில் ஒன்றிடம் போகும். உலகத்துக்கே மொத்தம் 13 மூல சர்வர் பெயர்கள்தான். ஆனால் ஒவ்வொரு பெயருக்கும் பின்னால் பல நாடுகளில் பல கணினிகள் நிற்கின்றன. "டாட் இன்னா? அந்தப் பதிவேட்டில் கேள்" என்று அது கைகாட்டும்.
3. டாட் இன் பதிவேடு, "அந்தக் கடையின் நேம்சர்வர் இன்னார்" என்று சொல்லும்.
4. நேம்சர்வர்தான் கடைசியில் ஐபி எண்ணைக் கொடுக்கும்.

இவ்வளவும் நாம் கண் சிமிட்டுவதற்குள் நடந்து முடிகிறது.

நேம்சர்வரில் இருப்பது ஒரு சின்னப் பட்டியல். அதில் சைட்டின் ஐபி எண்ணைச் சொல்லும் வரிக்கு ஏ ரெக்கார்டு என்று பெயர். அந்தப் பெயருக்கு வரும் இமெயிலை எங்கே கொண்டுபோய்ப் போடுவது என்று சொல்வது எம்எக்ஸ் ரெக்கார்டு. இந்த இரண்டும் பக்கத்துப் பக்கத்து வரிகள், ஆனால் தனித்தனி வேலைகள். ஹோஸ்டிங் மாற்றும்போது நேம்சர்வரையே மொத்தமாக மாற்றிவிடுகிறார்கள். புதிய இடத்தில் ஏ ரெக்கார்டு தானாக வந்துவிடும். எம்எக்ஸை எடுத்து எழுத வேண்டும் என்று யாருக்கும் தோன்றாது. சைட் ஜோராகத் திறக்கும், ஆனால் இரண்டு நாளாக ஆர்டர் மெயில் ஒன்றுகூட வராது. பழைய பட்டியலை ஒரு ஸ்கிரீன்ஷாட் எடுத்து வைத்துக்கொண்டிருந்தால் பத்து நிமிட வேலை.

அப்புறம், ஒவ்வொரு வரியோடும் டிடிஎல் என்று ஓர் எண் இருக்கும். 3600 என்றால், இந்த விடையை 3600 விநாடி, அதாவது ஒரு மணி நேரம் நினைவில் வைத்துக்கொள் என்று அர்த்தம். சர்வர் மாற்றிய பிறகு ஒருவருக்குப் புது சைட்டும் பக்கத்து வீட்டுக்காரருக்குப் பழைய சைட்டும் தெரிவது இதனால்தான். மாற்றுவதற்கு முந்தின நாளே இந்த எண்ணை 300-க்குக் குறைத்துவிட்டால் இந்தக் குழப்பம் சில நிமிடங்களில் அடங்கிவிடும்.

சரி, தீபாவளியன்று நடந்ததற்கு வருவோம். அமேசானின் டைனமோடிபி என்ற டேட்டாபேஸ் சேவைக்கும் இப்படி ஒரு பெயர்ப் பதிவு உண்டு. அதைப் புதுப்பித்துக்கொண்டே இருக்கும் தானியங்கி நிரல்களில் ஒன்று தாமதமாகிப் பழைய விவரத்தை எழுத, இன்னொன்று "பழசுதானே" என்று அதை அழிக்க, பதிவு காலியாகிவிட்டது. கணினிகள் நன்றாகத்தான் இருந்தன. எங்கே இருக்கின்றன என்று கேட்டவர்களுக்குத்தான் விடை இல்லை. 2021 அக்டோபர் 4 அன்று ஃபேஸ்புக், வாட்ஸ்அப், இன்ஸ்டாகிராம் மூன்றும் சுமார் ஆறு மணி நேரம் காணாமல் போனதும் கிட்டத்தட்ட இதே வகை: பராமரிப்பின்போது கொடுத்த ஒரு கட்டளையால் அவர்களது நேம்சர்வர்களுக்குப் போகும் வழித்தடங்களே இணைய வரைபடத்திலிருந்து விலகிவிட்டன.

3. சர்வர்: அணைக்கக்கூடாத கணினி

சர்வர் என்பது தனி ஜாதிக் கணினி ஒன்றும் இல்லை. உலகின் முதல் இணையதளம், ஜெனீவா அருகே சேர்ன் ஆய்வுக்கூடத்தில், டிம் பெர்னர்ஸ்-லீயின் மேசையில் இருந்த நெக்ஸ்ட் கணினியில் ஓடியது. யாராவது ஸ்விட்சை அணைத்துவிட்டால் உலகின் வலைத்தளம் மொத்தமும் போய்விடும் என்பதால் அதன்மேல் ஒரு சீட்டு ஒட்டியிருந்தார், சிவப்பு மையில்: "இந்த இயந்திரம் ஒரு சர்வர். அணைக்காதீர்கள்!!" சர்வருக்கு இன்றைக்கும் இதைவிடச் சுருக்கமான விளக்கம் கிடையாது.

வீட்டுக் கணினியிலும் சைட் ஓட்டலாம். கரண்ட் போனால் சைட்டும் போகும், அதுதான் சிக்கல். ஆகவே வாடகை இடம். அதில் மூன்று ரகம்:

1. ஷேர்டு ஹோஸ்டிங். ஒரே கணினியில் நூற்றுக்கணக்கான சைட்டுகள், மேன்ஷன் அறை மாதிரி. விலை குறைவு. பக்கத்து அறைக்காரர் தண்ணீரை எல்லாம் பிடித்துவிட்டால் நமக்குச் சொட்டுதான்.
2. விபிஎஸ். கணினியில் ஒரு பங்கு நமக்கென்றே ஒதுக்கப்படும். பராமரிப்பும் நம் தலையில்.
3. கிளவுட். தேவைக்கேற்பக் கூட்டிக் குறைத்துக்கொள்ளலாம், ஓடியதற்கு ஏற்பப் பில். கவனிக்காமல் விட்டால் பில்லும் ஓடும்.

தினம் சில நூறு பேர் வரும் கடைக்கு முதல் ரகம் போதும். விளம்பரத்தில் "அன்லிமிடெட்" என்று போட்டிருந்தால் நம்ப வேண்டாம். ஒரே நேரத்தில் எத்தனை கோரிக்கைகளைக் கவனிக்கும், எவ்வளவு நினைவகம் தரும் என்பதற்கு எல்லை உண்டு. அது விதிமுறைப் பக்கத்தில், கீழே எங்கோ இருக்கும்.

4. உள்ளே ஓடும் மென்பொருள்

ஒரு சர்வருக்குள் பொதுவாக மூன்று ஆட்கள் வேலை செய்கிறார்கள். வாசலில் நிற்பது வெப் சர்வர்: அப்பாச்சி அல்லது என்ஜின்எக்ஸ். வந்தவர் கேட்டது வெறும் படமா, பக்கமா என்று பார்த்து, படமாக இருந்தால் தானே எடுத்துக் கொடுத்துவிடும். பக்கத்தைப் புதிதாகத் தயாரிக்க வேண்டுமென்றால் உள்ளே இருக்கும் நிரலிடம் அனுப்பும். அது பிஎச்பியாகவோ பைத்தானாகவோ இருக்கலாம். நிரல் தனக்கு வேண்டிய விவரத்தை டேட்டாபேஸிடம் கேட்டு வாங்கும். புடவையின் விலை, ஸ்டாக், வாடிக்கையாளர் விலாசம் எல்லாம் அங்கேதான் இருக்கின்றன. வேர்ட்பிரஸ் என்பது இந்த நடு ஆள்தான். 2003-ல் வந்தது, இன்று உலகின் சைட்டுகளில் பத்துக்கு நான்குக்கும் மேல் அதில்தான் ஓடுகின்றன.

திரையில் வரும் எண்கள் இந்த மூவரில் யார் தடுக்கினார் என்று சொல்பவை. 404 என்றால் ஆள் எல்லாம் இருக்கிறார்கள், கேட்ட பக்கம்தான் இல்லை. 500 என்றால் நிரல் உடைந்திருக்கிறது. நேற்று ராத்திரி அப்டேட் ஆன பிளக்இன்னைத்தான் (கூடுதல் வசதிக்காகச் சேர்த்த துணை நிரல்) முதலில் சந்தேகப்பட வேண்டும். 502, 504 இரண்டும் வாசலில் நிற்பவருக்கு உள்ளே இருப்பவரிடமிருந்து சரியான பதில் வரவில்லை அல்லது நேரத்துக்கு வரவில்லை என்பது. 503 பெரும்பாலும் கூட்ட நெரிசல். தேர்வு முடிவு வெளியாகும் காலையில் எல்லோரும் பார்த்திருப்பது இதைத்தான். எண்ணே வராமல், இப்படி ஒரு சைட்டே கிடையாது என்று பிரவுசர் சொன்னால் சர்வரைத் திட்டிப் பயனில்லை. கேள்வி அங்கே போய்ச் சேரவே இல்லை, டிஎன்எஸ்ஸிலோ டொமைனிலோதான் பார்க்க வேண்டும்.

தமிழில் சைட் வைப்பவர்களுக்கு இங்கே ஒரு தனி வலை விரிந்திருக்கிறது. எழுத்துகளைக் கணினியில் சேமிக்கும் யூடிஎஃப்-8 முறையில் ஒரு தமிழ்க் குறியீட்டுக்கு 3 பைட் இடம் வேண்டும். "தமிழ்" என்ற சொல்லில் நம் கண்ணுக்கு மூன்று எழுத்து. கணினிக்கு அது த, ம, இகரக் கொக்கி, ழ, புள்ளி என ஐந்து குறியீடு, ஆக 15 பைட். பழைய டேட்டாபேஸ்கள் லத்தீன்1 என்ற, எழுத்துக்கு ஒரே பைட் தரும் அமைப்பில் இருந்தன. அப்படிப்பட்ட ஒன்றைப் புதுச் சர்வருக்கு மாற்றும்போது இரண்டு விதமாகக் கெடும். ஒன்று, தலையில் கோடு போட்ட "ஏ"யும் வட்டத்துக்குள் "ஆர்" குறியும் மாறி மாறிப் பக்கம் முழுக்க வரும். பயப்பட வேண்டாம். பைட்டுகள் பத்திரமாகவே இருக்கின்றன, படிக்கும் முறைதான் தப்பு. அநேகமாக மீட்டுவிடலாம். மற்றது, வரிசையாக வெறும் கேள்விக்குறிகள். டேட்டாபேஸைத் திறந்து பார்த்தாலும் அதே கேள்விக்குறிகள் என்றால், எழுத்துகள் உள்ளே போகும்போதே தொலைந்துவிட்டன. பேக்கப்பில் இருந்தால்தான் உண்டு. எனவே டேட்டாபேஸ் தொடங்கும்போதே யூடிஎஃப்8எம்பி4 என்பதைத் தேர்ந்தெடுக்க வேண்டும். மைஎஸ்க்யூஎல் என்ற டேட்டாபேஸ் மென்பொருளில் வெறும் யூடிஎஃப்8 என்று நெடுங்காலம் இருந்தது 3 பைட் வரைதான் தாங்கும். தமிழ் தப்பிக்கும், 4 பைட் இமோஜி போட்டால் சிக்கும்.

5. சான்றிதழ்: எதை நிரூபிக்கிறது, எதை நிரூபிப்பதில்லை

எச்டிடிபிஎஸ் என்பதில் கடைசி எஸ் வருவதற்கு இந்தச் சான்றிதழ் வேண்டும். அது இரண்டு வேலை செய்கிறது: நீங்கள் பேசுவது முகவரிப் பட்டையில் இருக்கும் அந்தப் பெயரின் சர்வரோடுதான் என்று உறுதி சொல்கிறது, போகிற வழியில் யாரும் படிக்காதபடி தகவலைப் பூட்டுகிறது. 2018 ஜூலை முதல் குரோம், சான்றிதழ் இல்லாத சைட்டுகளைப் பாதுகாப்பற்றவை என்று முத்திரை குத்த ஆரம்பித்தது. அதற்குப் பிறகு இது கட்டாயம் மாதிரிதான். லெட்ஸ் என்கிரிப்ட் என்ற அமைப்பு இலவசமாகவே தருகிறது.

சைட் நடத்துபவர் நாணயமானவரா என்று அது சொல்வதில்லை. போலி வங்கி சைட் போடுபவரும் அதே இலவசச் சான்றிதழைத்தான் வாங்குகிறார். "பூட்டு இருக்கிறது, பயமில்லை" என்று பல வருடம் சொல்லிக்கொடுத்தது தப்பான பாடம். 2023-ல் குரோம் அந்தப் பூட்டுப் படத்தையே முகவரிப் பட்டையிலிருந்து எடுத்துவிட்டது.

சான்றிதழுக்கும் காலாவதி உண்டு, அந்தக் காலம் சுருங்கிக்கொண்டே வருகிறது. அதிகபட்ச ஆயுள் 2026 மார்ச் 15 முதல் 200 நாள், 2027-ல் 100 நாள், 2029-ல் 47 நாள் என்று முடிவாகியிருக்கிறது. வருடத்துக்கு ஒருமுறை காலண்டரில் வட்டம் போட்டுக் கையால் புதுப்பிக்கும் பழக்கம் இனி எடுபடாது. தானாகப் புதுப்பிக்கிறதா என்று ஹோஸ்டிங்காரரிடம் கேட்டு வைத்துக்கொள்ள வேண்டும்.

6. பேக்கப்: எங்கே இருக்கிறது என்பதுதான் கேள்வி

2021 மார்ச் 10, பிரான்சின் ஸ்ட்ராஸ்பூர்க். ஓவிஎச் நிறுவனத்தின் ஐந்து மாடி டேட்டா சென்டர் நள்ளிரவில் தீப்பிடித்து முழுவதும் எரிந்தது. ஒட்டியிருந்த இன்னொரு கட்டடத்திலும் ஒரு பகுதி போனது. லட்சக்கணக்கான சைட்டுகள் ஒரே இரவில் இருண்டன. வேறிடத்தில் நகல் வைத்திருந்தவர்கள் சில நாளில் மீண்டார்கள். பேக்கப்புக்குப் பணம் கட்டியும் அந்த நகல் அதே வளாகத்தில் இருந்ததால் இரண்டையும் சேர்த்துப் பறிகொடுத்தவர்களும் இருந்தார்கள். பின்னர் வழக்குகளும் வந்தன.

தீ வேண்டியதில்லை, ஒரு கட்டளையே போதும். 2017 ஜனவரி 31 இரவு கிட்லேப் நிறுவனத்தில், களைத்துப்போன பொறியாளர் ஒருவர் தப்பான சர்வரில் அழிப்புக் கட்டளையைக் கொடுத்துவிட்டார். நிறுத்துவதற்குள் சுமார் 300 ஜிபி போய்விட்டது. பேக்கப் எடுக்க அவர்களிடம் ஐந்து முறைகள் இருந்தன. ஒன்றும் ஒழுங்காக வேலை செய்திருக்கவில்லை என்பது அன்றைக்குத்தான் தெரிந்தது. வேறு வேலைக்காக ஆறு மணி நேரம் முன்பு தற்செயலாக எடுத்து வைத்த ஒரு நகல்தான் காப்பாற்றியது. நடந்ததை அவர்கள் மறைக்காமல் உடனுக்குடன் எழுதினார்கள், மீட்பு வேலையை நேரலையாகவே காட்டினார்கள்.

ஆகவே பேக்கப் விஷயத்தில் கேட்க வேண்டியவை:

1. நகல் இருக்கும் இடம் சர்வர் இருக்கும் கட்டடத்திலேயா?
2. கோப்புகள், டேட்டாபேஸ் இரண்டும் அதில் இருக்கின்றனவா? படங்கள் மட்டும் இருந்து ஆர்டர்கள் இல்லாவிட்டால் என்ன பயன்?
3. கடைசியாக எப்போது அதைத் திரும்ப ஏற்றிப் பார்த்தீர்கள்?

மூன்றாவது கேள்விக்குப் பெரும்பாலும் பதில் வராது.

நடுவில் வந்தவர்

இனி முதல் சந்தேகம். மேலே சொன்ன ஆறில் கிளவுட்ஃபிளேர் எங்கே வருகிறது? எதிலும் வராது. வாசகருக்கும் சர்வருக்கும் குறுக்கே, சைட்காரரே கூப்பிட்டு நிறுத்திவைத்த காவல்காரர் அவர். சிடிஎன் என்று சொல்வார்கள். சைட்டின் படங்களையும் கோப்புகளையும் உலகின் பல ஊர்களில் நகலெடுத்து வைத்து, கேட்பவருக்கு அருகிலிருந்து எடுத்துக் கொடுப்பார். போலிக் கோரிக்கைகளை வாசலிலேயே விரட்டுவார். இதற்காக டிஎன்எஸ் பட்டியலில் கடையின் ஐபி எண்ணுக்குப் பதில் காவல்காரரின் ஐபி எண் எழுதப்பட்டிருக்கும். அதாவது எல்லோரும் அவர் வழியாகத்தான் உள்ளே வர முடியும். சின்னக் கடைக்கும் இலவசமாகக் கிடைக்கும் அருமையான சேவைதான். காவல்காரர் மயங்கி விழுந்தால் கதவும் திறக்காது என்பது அதன் விலை.

நவம்பர் 18 அன்று நடந்தது அதுதான். போலிக் கோரிக்கைகளை அடையாளம் காணும் விவரக் கோப்பு ஒன்று வழக்கத்தைவிட இரு மடங்கு பெருத்து, அதைப் படிக்கும் மென்பொருளின் எல்லையைத் தாண்டிவிட்டது. மென்பொருள் செயலிழந்தது. இந்திய நேரம் இரவு 8 மணி வாக்கில்தான் பெரும்பாலான சைட்டுகள் திரும்பி வந்தன.

அன்று மாலை பலர் ஃபோனில் பார்த்த பிழைப் பக்கத்திலேயே இதற்கு விடை இருந்தது. அதில் வரிசையாக மூன்று படங்கள்: இடது ஓரத்தில் நம் பிரவுசர், நடுவில் ஒரு மேகமும் அதன் கீழ் ஓர் ஊர்ப் பெயரும், வலது ஓரத்தில் சைட்டின் சர்வர். மற்ற நாட்களில் இந்தப் பக்கம் வந்தால் பெரும்பாலும் வலது ஓரத்துப் படத்தில்தான் சிவப்புப் பெருக்கல் குறி இருக்கும். அன்று இரண்டு ஓரமும் பச்சை, நடுவில் இருந்த மேகத்தின்மேல்தான் சிவப்பு.